கோளாறு ஏதும் இல்லை

என் தம்பிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முதன்முதலில் சொன்னவள் நான்தான். விளையாட்டாகத்தான் சொன்னேன். பட்டறை வாசலில், அவன் மனைவிக்கு முன்னால், ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அவன் நெற்றியைத் தட்டி, "வண்டி வயரிங் நல்லாத்தான் இருக்கு. இங்கதான் எங்கயோ லூசு" என்றேன். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். 

நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடமாகச் சொந்தப் பட்டறை. மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்த வண்டிகள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். வாய் கொஞ்சம் நீளம். வேலை தெரிந்தவளின் வாயை யாரும் அடக்கமாட்டார்கள் என்ற திமிர்தான், வேறென்ன.

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவனுக்கு. அப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில், யாரோ வைத்துச் சலித்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டே கதவு, கரும்பச்சை நிறம், வயது இருபத்துமூன்று. தரையோடு தரையாகக் கிடக்கும். ஏறுவதென்றால் உள்ளே விழ வேண்டும், இறங்குவதென்றால் யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டும். படுத்துக்கொண்டே வேலைக்குப் போகிற ஒரே ஆள் நீதான் என்று கேலி செய்தேன். சின்ன வயதில் ஃப்ரிட்ஜ் உறுமினாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பயந்தாங்கொள்ளி என்று நான் வைத்த பெயர் வீட்டில் இன்றும் நிற்கிறது. அவன் போய் இப்படியொரு வண்டி வாங்கியதில் எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

வாங்கி நாலாவது மாதம் முகமெல்லாம் வெளிறிப்போய் வந்தான். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டியின் இழுவை திடீரென்று செத்துவிட்டதாம். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தனவாம். ஏழெட்டு விநாடியில் எல்லாம் அணைந்து, எதுவுமே நடக்காதது போல வண்டி ஓடியதாம். பின்னால் லாரி வந்ததாம், செத்தோம் என்றே நினைத்தானாம். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் ஸ்கேனரை மாட்டினேன். வண்டிக்குள் ஏதாவது பிசகினால் அதன் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டுவதுதான் ஸ்கேனர். இதில் ஒரு வரிகூட இல்லை. பாட்டரி, ஆல்டர்நேட்டர், ஃபியூஸ், ரிலே எல்லாவற்றையும் பார்த்தேன். பட்டறையைச் சுற்றி நாலு தெரு ஓட்டினேன். குழந்தை மாதிரி சமர்த்தாக ஓடியது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தான். அதே மேம்பாலம், அதே கதை. மறுபடி ஸ்கேனர், மறுபடி வெறும் திரை. மூன்றாவது முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான், தனக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பான். ஆனால் அவள் வண்டியில் இருந்தபோது ஒருதடவைகூட அது நடந்ததில்லை. மறுநாள் இருவரும் வண்டியை எடுக்க வந்தபோதுதான் நெற்றியைத் தட்டினேன். எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று அவன் நச்சரித்ததால் பட்டறைச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்: கோளாறு ஏதும் இல்லை.

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதற்குமேல் விளங்காது. ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே அவருக்கு ஆரம்பித்துவிட்டது. தெருவில் நடந்துகொண்டே இருப்பார், சட்டென்று நின்றுவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ போய்விட்டு வந்தவர் போல விழிப்பார். என்னப்பா என்று கேட்டால், எல்லாம் அணைஞ்சு மறுபடி வந்துச்சு என்பார். கடைசி மூன்று வருடம் அவருக்கு எங்கள் இருவரையும் அடையாளம் தெரியவில்லை. தம்பிக்குக் கல்யாணம் பேசியபோது இதை மறைக்கக் கூடாது என்று பெண் வீட்டில் போய்ச் சொன்னவளும் நான்தான்.

சீட்டு எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை வேளையில் தம்பி மனைவி மட்டும் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாட்டரிகள் அடுக்கிய அலமாரியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான் சீட்டு எழுதிய அன்றிலிருந்தே அவளுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியில் ஒன்றுமில்லை என்று அதில் கரை கண்டவள் சொல்லிவிட்டாள் என்றால், பின்னே கோளாறு எங்கே? ஒரு நரம்பு டாக்டரிடம் அவனைக் கூட்டிப் போயிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர்தான். முதல் கேள்வியே, வண்டியைச் சரியான ஆளிடம் காட்டினீர்களா என்பதுதான். இவள் என் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர் வாசித்துவிட்டு அதை ஃபைலில் வைத்துக்கொண்டார். சில விநாடி நினைவு தப்பியிருக்கலாம் என்றார். அப்பாவின் கதையையும் கேட்டுக்கொண்டார். மாத்திரை கொடுத்தார், வண்டி ஓட்டக் கூடாது என்றார். வருகிற திங்கட்கிழமை தலைக்குள் எடுக்கும் பெரிய சோதனைகள்.

மாத்திரை அவனை மந்தமாக்கிவிட்டது. கை நடுங்கி லென்ஸ்கள் வீணாயின. கடையில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது தினமும் கீழே பார்க்கிங்குக்குப் போய், வண்டியைக் கிளப்பாமல், உள்ளே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறான்.

"அந்த வண்டிய அவர் கண்ணுல படாம எங்கயாவது கொண்டுபோயிடுங்க அண்ணி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவரே சொல்றாரு, எங்கப்பா மாதிரியே எனக்கும் ஆகுதுன்னு" என்றாள்.

எனக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது. அவனுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். நான் அவனைவிட மூன்று வயது மூத்தவள். அன்று காலையில் பட்டறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடியிருந்தேன்.

அவர்கள் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கில் பகல் பதினோரு மணிக்கும் விளக்கு எரிந்தால்தான் வெளிச்சம். கரும்பச்சை வண்டிக்குள் தம்பி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டான். மெலிந்திருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் தவறான துளையில் இருந்தது. அரை மில்லிமீட்டர்க்காரனுக்கு அப்படியொரு பொத்தான். வண்டியை நான் கொண்டுபோகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் இறங்கிச் சாவியைக் கொடுத்தான். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மேம்பாலம் வேணாம் அக்கா. கீழ் ரோட்டுலயே போயிடு" என்றான்.

"வியாதி உனக்குன்னா, மேம்பாலம் என்னை என்னடா பண்ணும்?"

அவன் யோசித்தான்.  பள்ளிக்கூடத்தில் கேள்வி புரியாமல் நிற்கும் பிள்ளை போல நின்றான். எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். வீம்புக்கு மேம்பாலம் வழியாகவே போனேன்.

அந்த மேம்பாலம் இடப்பக்கமாக வளைந்து வளைந்து ஏறும். இரண்டு தடம், ஒதுங்க ஓரம் கிடையாது, இருபுறமும் இடுப்பளவு சுவர். கண்ணாடியில் ஒரு டேங்கர் லாரி தெரிந்தது. அதற்கு வழிவிடாமல் மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தேன். வளைவின் பாதியில் இஞ்சின் சத்தம் நின்றது. குறையவில்லை, இருமவில்லை, நின்றது. முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக அத்தனை விளக்கும் எரிந்தன. மிதி தரையில் ஒட்டிக்கிடந்தது, வண்டியில் உயிர் இல்லை.

அந்த நொடியில் வண்டி நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஆரம்பித்துவிட்டது என்றுதான் தோன்றியது. எல்லாம் அணைஞ்சு மறுபடி வந்துச்சு என்று அப்பா சொல்வாரே, அது இதுதான், இப்படித்தான் இருக்கும், அடுத்தது நான் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருடம் கற்றதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.  காதுக்குப் பின்னால் டேங்கர் ஹார்ன் அலறியது. அது நிற்காமல் அலறிய பிறகுதான் புத்தி வந்தது. டேங்கர்காரனுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது. அவன் பார்த்து ஹார்ன் அடிக்கிறான் என்றால் வண்டி நிஜமாகவே நின்றிருக்கிறது.

கிளட்சை மிதித்தேன். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக் முதல் இரண்டு மிதிக்குப் பிடித்தது, மூன்றாவது மிதிக்குச் சுவரை உதைப்பது போல இருந்தது. ஏற்றத்தில் வண்டி நின்று, மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹாண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். டேங்கரின் டயர்கள் கிறீச்சிட்டன. கண்ணாடி முழுக்க அதன் முன்பக்க இரும்புதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இடிக்கவில்லை. ஒரு முழம் இருந்திருக்கும்.

சாவியைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது முறையும் டிக். மூன்றாவது முறை இஞ்சின் ஒன்றுமறியாதது போல உறுமிக் கிளம்பியது. விளக்குகள் எல்லாம் அணைந்தன. தம்பி மூன்று முறை வந்து சொன்னது வரிக்கு வரி அப்படியே இருந்தது. மூன்று முறை இதை அனுபவித்துவிட்டு அவன் மறுபடியும் இதே வழியாக வேலைக்குப் போயிருக்கிறான். அவனைத்தான் நான் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குள் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். பிறகு கை தன்பாட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தது. பாட்டரியின் நெகட்டிவ் முனைக்குப் போனது.

என் பட்டறையில் இது சட்டம். எந்த வண்டி உள்ளே வந்தாலும் முதலில் பானெட், அடுத்து நெகட்டிவைக் கழற்று, அப்புறம்தான் பேச்சு. தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்பேனர் பாட்டரிக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி, என் விரலிலிருந்த மோதிரம் பழுத்துச் சதையோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து நான் மறந்ததே இல்லை. அதில் எனக்கு அத்தனை கர்வம்.

அவசரத்தில் ஸ்பேனர் நழுவி இஞ்சினுக்குக் கீழே விழுந்தது. குனிந்து துழாவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்தக் காலத்து வண்டிகள் பாட்டரி இல்லாவிட்டாலும் குறித்து வைத்ததை மறக்காது. இருபத்துமூன்று வருடப் பழைய வண்டி அப்படியல்ல. நெகட்டிவைக் கழற்றினால் அதன் கம்ப்யூட்டர் அத்தனையையும் துடைத்துவிட்டுப் பிறந்த பிள்ளை மாதிரி விழிக்கும். எனக்குத் தெரியாத விஷயமா? ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள் நான். தம்பி மூன்று முறையும் வண்டியை விட்டுவிட்டுப் போன அடுத்த நிமிடமே நெகட்டிவைக் கழற்றி வைத்தேன். மறுநாள் மாட்டி, ஸ்கேனரைச் செருகி, வெறும் திரையைப் பார்த்துவிட்டு அவன் நெற்றியைத் தட்டினேன்.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 

பிறகு எழுந்து, பாட்டரியைத் தொடாமல், ஸ்கேனரைச் செருகினேன். ஏழு வரிகள். ஏழும் ஒரே புலம்பல்: மின்னழுத்தம் விழுந்தது, மின்னழுத்தம் விழுந்தது. ஒரே நேரத்தில் ஏழு இடத்தில் கோளாறு வராது. ஏழுக்கும் பொதுவான ஒன்று எங்கேயோ அறுகிறது. இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, இஞ்சின் உடம்புக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண். நின்றது. ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் வெடுக்கென்று இழுத்தேன். இஞ்சின் ஒருபக்கமாகச் சாய்ந்து குலுங்கியது. எண் நாலு வோல்ட்டைத் தாண்டிப் போய் வந்தது.

கோளாறு பிடிபட்டது: இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கேபிள், மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி. கட்டைவிரல் தடிமன். வெளியே கறுப்பு உறை பளபளவென்று இருந்தது. நான் மூன்று முறையும் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டிய உறைதான். பிளேடால் கிழித்தேன். உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடி கொட்டியது, நடுவில் ஏழெட்டு இழைகள் மட்டும் முடி போல மிச்சம். சமதளத்தில் ஓடும்போது அந்த இழைகள் தொட்டுக்கொண்டிருக்கும். ஏற்றத்தில், வளைவில், அழுத்தி மிதித்தால் இஞ்சின் சாய்ந்து அவற்றை இழுத்துப் பிரித்துவிடும். நான் ஓட்டிப் பார்த்த நாலு தெருவில் ஏற்றமும் இல்லை, வளைவும் இல்லை.

தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். அவனைக் கூட்டிக்கொண்டு உடனே வா என்றேன். 

அரை மணியில் வந்தார்கள். மூச்சுவிடாமல் அத்தனையையும் சொன்னேன். மேம்பாலம், டேங்கர், விளக்குகள், ஏழு வரி, மோதிரத் தழும்பு வரைக்கும். கிழித்த கேபிளை அவன் கையில் வைத்தேன். பச்சைப் பொடியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். ஸ்கேனர் திரையைக் காட்டினேன். பார்த்தான். பழைய கேபிளையே மறுபடி மாட்டி, வண்டியைக் கிளப்பி, கையால் அதை இழுத்தேன். அத்தனை விளக்கும் எரிந்து இஞ்சின் செத்தது. மறுபடி கிளப்பி மறுபடி இழுத்தேன். ஐந்து முறை. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நீ இழுக்குற, அது நிக்குது" என்றான் அவன், ரொம்ப மெதுவாக. "எந்த வயரப் பிடுங்கினாலும் நிக்கத்தானே செய்யும் அக்கா."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மசிக் கையோடு அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு முழுக்க என்னுதுடா" என்றேன். "மூணு தடவையும் நீ சொன்னது நிஜம். மூணு தடவையும் நான்தான் அதை அழிச்சேன். உனக்கு ஒண்ணுமே இல்ல. என்னை மன்னிச்சிடு."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கேபிளைத் தூக்கி என்மேல் எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. என்னைப் பார்த்தான், அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். ஸ்டூலைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தான். அவன் கண்ணில் அப்படியொரு பயத்தை, ஃப்ரிட்ஜுக்கு ஒளிந்த காலத்தில்கூட, நான் கண்டதில்லை.

"நீ இதுவரைக்கும் யார்கிட்டயும் தப்புன்னு ஒத்துக்கிட்டதே இல்ல" என்றான். "அம்மா உன்கூடப் பேசாம இருந்த ரெண்டு வருஷத்துலகூட ஒத்துக்கல."

"டேய், அது வேற—"

"டாக்டர் இப்படிச் சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டான். "எனக்கு அவ்வளவு முத்திடுச்சா அக்கா?"

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொன்னாலும் ஆறுதலாகத்தான் அவன் காதில் விழும், சத்தியம் செய்தாலும் ஆறுதலாகத்தான் விழும் என்று தெரிந்தது.  அழுகைதான் வந்தது. நான் அழுதும் அவன் பார்த்ததில்லை.

அவன் எழுந்து வந்தான். கேபிளைப் பக்குவமாக மேஜையில் வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தான்.

"அழாத அக்கா" என்றான். "மாத்திரைய ஒருவேளைகூட விடாம போட்டுக்கிறேன்."